சோலைக்காட்டு அந்துப்பூச்சி: புதிய இனம் என்று எழுதுவதற்கு முன்

#1 ஒளித்திரை

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரியின் மேல்மட்டச் சோலை ஒன்றில், ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில், வனத்துறை அனுமதியோடு நடக்கும் கணக்கெடுப்பில் சின்ன லித்தோசீனி (அந்துப்பூச்சிகளில் ஒரு துணைக்குழு) ஒன்று கிடைத்திருக்கிறது. ஆண் 6, பெண் 1. முன்னிறக்கை நீளம் 11 முதல் 12 மி.மீ. ஆரஞ்சு நிறத்தின்மேல் கறுப்புக் கோடுகள். நடுக்கோடு முன்விளிம்பில் கிளம்பி, இறக்கை நடுவில் நரம்புகள் சூழ்ந்த அறையின் நுனிக்கு வந்ததும் சட்டென்று உள்ளே மடங்குகிறது. தலையில் ஒசெல்லி (தனிக்கண்) இல்லை.

ஐநேச்சுரலிஸ்டிலும் இந்திய அந்துப்பூச்சிகள் தளத்திலும் இதற்குப் பொருந்தும் படம் இல்லை. எல்லாமே ஊசியில் குத்தி உலர்த்தியவை. இரண்டு ஆண்களின் ஒவ்வொரு கால் மட்டும் ஆல்கஹாலில் இருக்கிறது. புதிய இனம் என்றே தோன்றுகிறது. இனி எதை முதலில் செய்யணும், எதை அப்புறம் செய்யணும்?

#2 வகைமாதிரி

படம் இல்லை என்பதால் பெயரும் இல்லை என்று ஆகிவிடாது. தளங்களில் இருப்பவை யாரோ படம் எடுத்து, யாரோ அடையாளம் சொன்னவை. நூறு வருஷத்துக்கு முன்னால் பெயர் வைத்து, அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத இனங்கள் லித்தோசீனியில் நிறைய உண்டு. அவற்றுக்கு இணையத்தில் ஒரு படம்கூட இருக்காது.

அதுவும் நீலகிரி வேறு. ஹாம்ப்சன் என்ற பூச்சியியலாளர் அங்கே தோட்ட முதலாளியாக இருந்தவர். 1891-இல் நீலகிரி மாவட்டத்து அந்துப்பூச்சிகளுக்கென்றே வண்ணப் படங்களோடு தனித் தொகுதி போட்டார். அடுத்து 1892 முதல் 1896 வரை பிரிட்டிஷ் இந்திய அந்துப்பூச்சிகள் நான்கு தொகுதிகள். உங்களுக்கு முக்கியமானது அதற்கும் பின்னால் வந்தது: பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அவர் எழுதிய பெரிய பட்டியல் வரிசையில் 1900-இல் வந்த இரண்டாம் தொகுதி லித்தோசீனிகளைப் பற்றியது. 1914-இல் அதற்குத் துணைத் தொகுதியும் வந்தது. இவற்றுக்கு முன்னால் வாக்கர் 1854-க்கும் 1866-க்கும் இடையில் போட்ட பட்டியல்களையும் விடக்கூடாது. எல்லாமே பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியில் இலவசமாகக் கிடைக்கின்றன.

செய்ய வேண்டியது இதுதான். பேரினம் எது என்று முடிவானதும், இந்தியா, இலங்கை, மியான்மர் மூன்றிலிருந்தும் அந்தப் பேரினத்தில் வைக்கப்பட்ட ஒவ்வொரு பெயரையும் ஒரு அட்டவணையில் போடுங்க. இணைப்பெயர் என்று தள்ளியவை கட்டாயம் அதில் இருக்கணும். ஒவ்வொன்றுக்கும் முதல் விவரணையின் பக்கம், வகை மாதிரி (பெயருக்கு ஆதாரமாக வைத்த மாதிரி) கிடைத்த இடம், ஆணா பெண்ணா, இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பிறப்புறுப்பு ஸ்லைடு உண்டா என்று எழுதுங்க. இணைப்பெயர்களை ஏன் விடக்கூடாது என்றால், "இதுவும் அதுவும் ஒன்றே" என்று ஹாம்ப்சன் சேர்த்துவிட்ட பெயர் ஒன்று உங்கள் பூச்சியாகவே இருக்கலாம். அப்படியானால் புதுப்பெயர் தேவையில்லை, பழைய பெயருக்கு உயிர் கொடுத்தால் போதும். அது சின்ன வேலை என்று நினைக்காதீங்க. என்னைக் கேட்டால் புது இனம் ஒன்றைச் சேர்ப்பதைவிட அதில் பயன் கூடுதல்.

பழைய விவரணைகளில் நான்கைந்து வரி நிறம்தான் இருக்கும். உள்ளுறுப்பு பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அதனால் விவரணையோடு ஒப்பிட்டு முடிவெடுக்க முடியாது, வகை மாதிரியோடுதான் ஒப்பிடணும். ஹாம்ப்சனின் வகைகள் பெரும்பாலும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பொறுப்பாளருக்கு எழுதும்போது "உங்களிடம் உள்ள எல்லா லித்தோசீனிப் படமும் வேண்டும்" என்று கேட்காமல், அட்டவணையைச் சலித்து மூன்று நான்கு பெயரை மட்டும் கேளுங்க. மேல்பக்கம், கீழ்ப்பக்கம், சீட்டுகள், ஸ்லைடு இருந்தால் அதன் எண். பதில் வரும்.

#3 யாழ்_விட்டில்

வகைமாதிரி ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேணும். மூர் என்ற பூச்சியியலாளர் 1880 முதல் 1887 வரை வெளியிட்ட இலங்கைத் தொகுதிகளில் இரண்டாவதும் மூன்றாவதும் அந்துப்பூச்சிகள் பற்றியவை. மத்திய மலைநாட்டுப் பூச்சிகளும் நீலகிரிப் பூச்சிகளும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. இந்தியப் பட்டியல்களில் இலங்கைப் பெயரைத் தூக்கித் தென்னிந்தியப் பூச்சிக்கு வைத்த இடங்கள் பல. ஆகவே நீலகிரிப் பூச்சிக்கு இப்போது புழங்கும் பெயரின் வகை இடம் இலங்கை என்றால், அங்கேயே ஒரு சந்தேகக்குறி போடுங்கோ.

மூர் ஹோலோடைப் (பெயரைச் சுமக்கிற ஒற்றை மாதிரி) என்று ஒன்றைத் தனியாகச் சொல்வதில்லை. பெரும்பாலும் பல மாதிரிகளைச் சேர்த்துத்தான் விவரித்தார், அப்படிச் சேர்ந்து பெயரைச் சுமப்பவை சின்டைப். அந்தக் கூட்டத்துக்குள் இரண்டு இனம் கலந்திருந்தால் பெயர் எதற்குச் சொந்தம் என்று தீர்க்க, அவற்றில் ஒன்றை மட்டும் லெக்டோடைப்பாகத் தெரிவு செய்ய வேணும். 1999-க்குப் பிறகு அதை, தெரிந்தே தெரிவு செய்கிறோம் என்று வெளிப்படையாக எழுதித்தான் செய்யலாம். தேவை இல்லாத இடத்தில் செய்யவேண்டாம்.

#4 ஒளித்திரை

நன்றி ஐயா, நன்றி யாழ். அட்டவணை தொடங்கிவிட்டேன், பேரினத்தில் இதுவரை 9 பெயர். டிசெக்‌ஷன் பற்றி யாராவது விரிவாகச் சொல்லுங்களேன். பிறப்புறுப்பைப் பார்க்க எல்லா ஆணையும் அறுக்கணுமா?

#5 சாமணம்

எல்லாவற்றையும் வேண்டாம். மூன்று ஆண், அந்தப் பெண். மீதி மூன்று ஆணின் வயிறு அப்படியே இருக்கட்டும், பின்னால் வருகிறவருக்கு வேணும். அறுக்கும் மூன்றில் ஒன்று நீங்க ஹோலோடைப்பாக எடுக்கப் போவதாக இருக்கணும். ஹோலோடைப்பை அறுக்காமல் விட்டு, பாராடைப்பின் (கூடவே பட்டியலிட்ட மற்ற மாதிரியின்) ஸ்லைடை மட்டும் படம் போட்ட கட்டுரைகளால்தான் இன்றைக்கும் தலைவலி: பெயரைச் சுமக்கிற மாதிரியின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அறுப்பதற்கு முன் மேல், கீழ் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்க. பிறகு:

வயிற்றைச் சாமணத்தால் பிடித்துக் கீழே இழுக்காதீங்க, மேல்நோக்கி மெதுவாகத் தூக்குங்க. காய்ந்த மாதிரியில் மார்போடு சேரும் இடத்தில் சுத்தமாக ஒடிந்து வரும். கீழே அழுத்தினால் பின்கால்கள் போகும், பின்னிறக்கையும் சேர்ந்து உடையும்.

வயிற்றை முதலில் 70% ஆல்கஹாலில் சில விநாடி முக்கணும். செதிலில் காற்று நிற்பதால் நேராக கே.ஓ.எச்.-இல் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரத்தில்) போட்டால் மேலேயே மிதக்கும், உள்ளே ஊறாது. 100 மி.லி. தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. சின்னச் சோதனைக்குழாயில் 2 மி.லி. போதும். இந்த அளவுப் பூச்சிக்குக் கொதிநீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி 10 முதல் 15 நிமிடம். நேரடித் தீயில் காட்டினால் குழாய் பொங்கி வயிறு வெளியே வந்து விழும். அவசரம் இல்லையென்றால் சூடே வேண்டாம், ராத்திரி முழுக்க அறை வெப்பத்தில் ஊறவிடலாம். லித்தோசீனிக்கு எனக்குக் குளிர்முறைதான் பிடிக்கும், ஏனென்றால் சவ்வுப் பகுதி கெடாது. ஒரே குழாயில் இரண்டு வயிறு போடவே கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்க, இந்தக் காரம் கண்ணுக்குப் போனால் விளையாட்டில்லை.

ஊறியதும் தண்ணீருக்கு மாற்றி ஒரு சொட்டு வினிகர் விடுங்க, காரம் அடங்கும். அதன்பின் மெல்லிய தூரிகையால் வயிற்றை முன்னிருந்து பின்னாக நீவினால் செதில்களும் கொழுப்பும் வெளியேறும். எட்டாவது வளையத்துக்குப் பின்னால் சவ்வை வெட்டி உறுப்பைப் பிரிக்கணும். வயிற்றுத் தோலை எறியாதீங்க, அதையும் அதே ஸ்லைடில் ஏற்றணும். எட்டாவது வளையத்தின் வடிவமே சில பேரினத்தில் அடையாளம்.

ஆணில் பார்க்க வேண்டியவை அங்கஸ், டெக்யூமென், வின்குலம், இரண்டு வால்வா (பக்கத்துப் பிடிப்பான்), ஜக்ஸ்டா, பிறகு ஃபாலஸ் (ஆண்குறி). ஃபாலஸை ஜக்ஸ்டாவிலிருந்து முன்பக்கமாக இழுத்துத் தனியாக எடுங்க. பெண்ணில் பாப்பிலே அனாலிஸ், முன், பின் அபோஃபைசிஸ், ஆஸ்டியம், டக்டஸ் பர்சே, கார்ப்பஸ் பர்சே (விந்தைப் பெறும் பை), அதன் சுவரில் உள்ள சிக்னம் (கடினத் தகடு). உங்களிடம் ஒரே ஒரு பெண்தான். கார்ப்பஸ் பர்சே தண்ணீரில் ஊதிய பலூன்போல மெல்லியது, கிழிந்தால் சிக்னம் எங்கே இருந்தது என்றே சொல்ல முடியாது. ஆண்களில் கை பழகிய பிறகு கடைசியாகப் பெண்ணைத் தொடுங்க.

சாயம் வேணும். சவ்வுக்கு குளோரசால் பிளாக், ஆனால் சில விநாடிதான். கண்ணெதிரிலேயே கறுத்துவிடும், திரும்ப வெளுப்பது கஷ்டம். ஸ்லைடாக்கும்போது 70, 95, நூறு என்று ஆல்கஹாலில் ஏற்றி, யூபரால் என்ற பிசின் விட்டு மூடுங்க. யூபரால் 95% ஆல்கஹாலிலிருந்தே ஏற்கும், கனடா பால்சத்துக்கு சைலீன் வேணும். மூடின பிறகு பால்போலக் கலங்கினால் தண்ணீர் முழுக்கப் போகவில்லை என்று அர்த்தம். மூடும் கண்ணாடி போடுவதற்கு முன்னால், ஆல்கஹாலில் கிடக்கும்போதே படம் எடுத்துவிடுங்க. அழுத்திய பிறகு வால்வா விரிந்து, முப்பரிமாண வடிவம் போய்விடும். இரண்டு கட்டுரையில் ஒரே இனத்தின் வால்வா வேறுவேறு மாதிரி இருப்பதற்குப் பாதி காரணம் இந்த அழுத்தம்தான்.

ஸ்லைடு எண்ணை அன்றைக்கே ஒரு சீட்டில் எழுதிப் பூச்சியின் ஊசியிலும் குத்துங்க.

#6 இலைப்புழு

வெசிகாவை (ஃபாலஸுக்குள் மடங்கியிருக்கும் சவ்வுப் பையை) வெளியே தள்ளணுமா சாமணம் அக்கா? பழைய ஸ்லைடு எதிலும் தள்ளியிருக்காதே, பிறகு எதோடு ஒப்பிடுவது?

#7 சாமணம்

தள்ளணும் தம்பி. இந்தக் கூட்டத்தில் இறக்கைக் கோடும் வால்வாவும் ஒன்றுபோல இருந்து, வெசிகாவின் பைகளும் கார்னூட்டஸ் முட்களின் இடமும் மட்டும் மாறும் இனங்கள் உண்டு. பழைய ஸ்லைடில் தள்ளவில்லை என்றால், ஃபாலஸுக்குள்ளே மடங்கியிருக்கும் முட்களின் எண்ணிக்கையையும் பருமனையுமாவது எண்ணலாம். அதனால் ஒளித்திரை, நீங்க அறுக்கும் மூன்று ஆணில் ஒன்றைத் தள்ளாமல் விடுங்க, பழைய ஸ்லைடோடு நேருக்கு நேர் ஒப்பிட உதவும்.

இன்சுலின் ஊசி என்று எல்லாரும் சொல்வாங்க. 31 கேஜ் ஊசியே ஏறத்தாழ கால் மி.மீ. கனம். 11 மி.மீ. இறக்கைக்காரனின் ஃபாலஸுக்குள் அது நுழைந்தால் சுவர் கிழியும். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி இழுத்து முனையை ஒடித்துக்கொள்ளுங்க, அதை மெல்லிய ரப்பர் குழாயால் சிரிஞ்சோடு இணைக்கலாம். ஃபாலஸின் அடிப்பக்கத் துளை வழியாக 30% ஆல்கஹாலை மெதுவாகச் செலுத்தினால் வெசிகா நுனியில் வெளிவரும். வந்ததும் உள்ளே முழு ஆல்கஹாலைச் செலுத்தினால் விறைத்து நிற்கும். கே.ஓ.எச்.-இல் அதிகம் ஊறிய மாதிரியில் வெசிகா நைந்துபோய்த் தள்ளும்போதே ஓட்டை விழும். குளிர்முறை என்று சொன்னது இதற்காகத்தான்.

#8 பார்கோடு

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஒரு காலை எடுத்து சி.ஓ.1 (மைட்டோகாண்ட்ரிய மரபணு ஒன்றின் துண்டு) பார்கோடு, 658 கார இணைகள், போல்டு என்ற பார்கோடு தரவுத்தளத்தில் போட்டுப் பாருங்க. அருகிலுள்ள இனத்தோடு 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் புது இனம். 2021-இல் கோஸ்டா ரிக்காவின் பிரகோனிட் குளவிகளில் 403 புதிய இனத்தைப் பெரும்பாலும் பார்கோடை வைத்தே வெளியிட்டாங்களே.

#9 வகைமாதிரி

வெளியிட்டாங்க, வகைப்பாட்டியலாளர்களிடம் வாங்கிக் கட்டியும் கொண்டாங்க. பார்கோடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது தனியாக நின்று தீர்ப்புச் சொல்லக்கூடாது என்கிறேன். மூன்று காரணம்.

முதலாவது, ஒப்பிடுவதற்கு அந்தப் பக்கம் ஆள் வேணும். இந்தப் பேரினத்தில் நம்ம 9 பெயரில் எத்தனைக்கு, வகை இடத்திலிருந்தே எடுத்த பார்கோடு போல்டில் இருக்கிறது? தாய்லாந்து மாதிரி ஒன்றோடு 5 சதவீதம் விலகுகிறது என்பது உங்கள் பூச்சி தாய்லாந்துப் பூச்சி இல்லை என்று மட்டும்தான் சொல்லும். ஹாம்ப்சனின் நீலகிரிப் பூச்சி இல்லை என்று சொல்லாது.

இரண்டாவது, பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 கி.மீ. அகலத் தாழ்நிலம், வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. சோலை மட்டத்தைவிட்டு இறங்காத பூச்சிக்கு அது கடல் மாதிரி. இரண்டு பக்கமும் மைட்டோகாண்ட்ரிய வரிசை விலகிப்போயிருந்தும், பிறப்புறுப்பில் ஒரு முடிகூட மாறாமல் இருக்கலாம். தெற்கிலிருந்து ஒன்று, வடக்கிலிருந்து ஒன்று, இரண்டை மட்டும் வைத்து 3 சதவீதம் என்று புது இனம் அறிவித்தால், இரண்டு பக்கமும் இன்னும் பத்து இடத்தில் எடுத்ததும் அந்த இடைவெளி நிரம்பிவிடலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக விலகும் நல்ல இனங்களும் இருக்கின்றன. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா தாய்வழியே பரவுவதால், தன்னோடு ஒரே மைட்டோகாண்ட்ரிய வரிசையையும் இழுத்துக்கொண்டு போகும். அப்படி இரண்டு இனத்துக்கு ஒரே பார்கோடு அமைந்துவிடுவதும் நடக்கும்.

மூன்றாவது சட்டச் சிக்கல். விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் 13.1 பிரிவு, இனத்தை வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் எழுதணும் என்கிறது. "4 சதவீதம் வேறு" என்பது தூரம், பண்பு இல்லை. டி.என்.ஏ. வரிசையில் இத்தனையாவது இடத்தில் ஏ-க்குப் பதில் ஜி என்று எழுதினால் அது பண்பு. அதை எழுதாமல் விட்டால் பெயரே செல்லாமல் போகும் ஆபத்து உண்டு.

#10 பார்கோடு

கணவாய் விஷயம் சரி. ஆனால் ஒரே பெண் இருக்கும் இவருக்கு, அந்தப் பெண் இந்த ஆண்களோடு சேர்ந்ததுதான் என்று வேறு எப்படித் தெரியும்? ஒரே திரையில் ஒரே இரவில் வந்ததாலா?

#11 சாமணம்

அதற்குப் பார்கோடுதான் வழி, இதில் உங்கள் பக்கம். ஒரே வெளிச்சத்துக்கு ஒரே ராத்திரியில் நான்கு நெருங்கிய இனம் வரும். ஒளித்திரை, உங்களிடம் இரண்டு ஆணின் கால் மட்டும்தான் ஆல்கஹாலில் இருக்கிறது. பெண்ணின் நடுக்கால் ஒன்றையும் எடுங்க. ஹோலோடைப்பாகப் போகிற ஆணின் கால் அந்த இரண்டில் இல்லையென்றால் அதையும் சேருங்க. சாமணத்தை ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் தீயில் காட்டணும், தனித்தனி குப்பி, பூச்சிக்கு உள்ள அதே எண். எத்தில் அசிட்டேட்டில் கொன்றவற்றில் டி.என்.ஏ. சிதைந்திருக்க வாய்ப்பு உண்டு. உறையவைத்துக் கொன்றவை நல்லது. பெண்ணின் வரிசை கிடைக்காவிட்டால் அதைப் பாராடைப் பட்டியலில் சேர்க்காதீங்க, "சேர்ந்ததாக இருக்கலாம்" என்று தனியாகக் குறிப்பிட்டாலே போதும்.

வெளிநாட்டு ஆய்வகத்துக்குக் காலை அனுப்பலாம் என்று யாராவது சொல்வாங்க. அதற்கு முன்னால் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்க்கணும். இங்கேயே சீக்வென்ஸ் செய்துகொள்வது எளிது.

#12 ஒளித்திரை

மூன்று ஆணையும் அறுத்தாயிற்று. பெண்ணின் வரிசையும் ஆண்களோடு ஒன்றாகவே வந்திருக்கிறது. லண்டனிலிருந்து இரண்டு பெயருக்குப் படமும் ஸ்லைடும் வந்தன, இரண்டுமே வேறு. வேறுபாட்டுக் குறிப்பு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்க:

"இது ஆரஞ்சு நிறமுடைய சிறிய, அழகான அந்துப்பூச்சி. இறக்கை விரிவு 25 மி.மீ. முன்னிறக்கையில் கறுப்புக் கோடுகள் உண்டு. ஆணின் வால்வா நீளமானது, நுனியில் முள் உண்டு. வெசிகாவில் கார்னூட்டஸ் உண்டு. மற்ற இனங்களிலிருந்து தெளிவாக வேறுபடுகிறது."

#13 வகைமாதிரி

இதை அப்படியே எடுத்து இந்தப் பேரினத்தின் 9 பெயரில் எதற்கும் ஒட்டலாம், அதுதான் பிரச்சினை. வேறுபாட்டுக் குறிப்பில் ஒவ்வொரு வாக்கியமும் "இது இப்படி, அது அப்படி" என்று இரண்டு பக்கமும் சொல்லணும். மற்ற இனங்கள் என்று பொதுவாகச் சொல்லாமல் நெருங்கிய இரண்டு இனத்தின் பெயரைச் சொல்லணும். அழகு வேண்டாம். இறக்கை விரிவும் வேண்டாம், அது பலகையில் எவ்வளவு இழுத்து விரித்தோம் என்பதைப் பொறுத்து மாறும். முன்னிறக்கையின் அடியிலிருந்து நுனி வரை அளந்து, ஆண் இத்தனை, பெண் இத்தனை, எண்ணிக்கை இத்தனை என்று எழுதுங்க.

நீங்க போட்ட படங்களை வைத்து ஒரு மாதிரி:

"முன்னிறக்கை நீளம் ஆண் 11.0–11.8 மி.மீ. (6), பெண் 12.1 மி.மீ. (1). முன்னிறக்கையின் நடுக்கோடு அறையின் நுனியில் உள்நோக்கி மடங்குவதால், அக்கோடு நேராகச் செல்லும் அ-இனத்திலிருந்து வேறுபடும். ஆ-இனத்திலும் கோடு மடங்குகிறது. ஆனால் அதில் வால்வாவின் சாக்குலஸ் முனை வால்வா நுனியைத் தாண்டுகிறது, இதில் வால்வா நீளத்தின் மூன்றில் இரண்டு பங்கில் நின்றுவிடுகிறது. வெசிகாவில் ஆ-இனத்துக்கு முட்கள் ஒரே கொத்தாக உள்ளன, இதற்கு இரண்டு தனிக் கொத்துகள்."

பெண்ணில் சிக்னத்தின் எண்ணிக்கை, இடம், டக்டஸின் நீளம் கார்ப்பஸோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பதையும் இதே முறையில் சேர்க்கணும். அ, ஆ இரண்டில் எதற்காவது பெண் தெரியாது என்றால் "பெண் ஒப்பிடப்படவில்லை" என்று எழுதிவிடுங்க.

வேறுபாட்டுக் குறிப்பு வேறு, விவரணை வேறு. விவரணையில் தலை, உணர்கொம்பு, லேபியல் பால்ப், மார்பு, கால்முட்களின் எண்ணிக்கை, இரண்டு இறக்கையும் மேல், கீழ், வயிறு, ஆண் உறுப்பு, பெண் உறுப்பு என்ற வரிசை. ஒரே இனத்துக்குள் மாறுவதையும் சொல்லணும்: ஆறு ஆணில் நடுக்கோடு தடித்தும் மெலிந்தும் இருந்தால் அதை மறைக்காதீங்க. நிறத்தைப் பற்றி எழுதும்போது, ஈரப்பெட்டியில் வைத்து இளக்கிய மாதிரியில் நிறம் மாறியிருக்கலாம் என்பது நினைவிருக்கட்டும். பச்சை ஜியோமெட்ரிட்களில் அது படுமோசம், மஞ்சளாகவே போய்விடும். ஆரஞ்சில் அவ்வளவு இல்லை.

#14 இலைப்புழு

பெயர் என்ன வைக்கப் போறீங்க? நீலகிரியென்சிஸ்?

#15 விதித்தொகுப்பு

அந்தப் பேரினத்தில் ஏற்கனவே நீலகிரி, நீலகிரிகா என்று ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும். எழுத்தில் ஒன்றாக இருந்தால் பிந்தியது செல்லாது. வேறு பேரினத்தில் இருந்த பெயர் ஒன்று பின்னால் இங்கே மாற்றப்பட்டாலும் இதே மோதல் வரும். மலையில் பாதிப் பூச்சிக்கு இந்தப் பெயர்தான், வேறு யோசிப்பது நல்லது.

தமிழ்ச் சொல்லையே வைக்கலாம், தடை இல்லை. லத்தீன் நெடுங்கணக்கின் 26 எழுத்துக்குள், மேற்புள்ளி, கோடு எதுவும் இல்லாமல் எழுதணும். பெயர்க்காரணத்தில் "பெயர்ச்சொல்லாக, உடன்நிலையில்" என்று எழுதிவிட்டால் பேரினம் மாறினாலும் ஈறு மாறாது. ஆளின் பெயர் என்றால் ஆணுக்கு ஐ (-i), பெண்ணுக்கு ஏ-ஈ (-ae) ஈறு. தன் பெயரைத் தானே வைப்பதை விதி தடுக்கவில்லை, சக ஆய்வாளர்கள் சிரிப்பாங்க.

இனி விதிகள். 1999-க்குப் பிறகு வெளியாகும் புது இனத்துக்கு மூன்று விஷயம் கட்டாயம். புதிது என்ற நோக்கம் வெளிப்படையாக இருக்கணும், அதாவது பெயருக்குப் பக்கத்தில் "ஸ்பீசிஸ் நோவா". ஹோலோடைப் எது என்று குறிக்கணும். அது எந்த நிறுவனத்தில், எந்த ஊரில் வைக்கப்படுகிறது என்று எழுதணும். மூன்றில் ஒன்று விட்டாலும் பெயர் இல்லை. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் 2012-இல் வந்த திருத்தம் பொருந்தும். வெளியிடுவதற்கு முன்பே ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு, பதிவு எண் கட்டுரைக்குள்ளேயே அச்சாகியிருக்கணும், வெளியீட்டுத் தேதியும் உள்ளே இருக்கணும், ஸூபேங்க் பதிவில் காப்பகத்தின் பெயரும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் இருக்கணும். இதில் ஆசிரியர்கள் தடுக்கி விழும் இடம் கடைசியானது. பதிவு இதழின் வேலை என்று விட்டுவிடுவாங்க, இதழ் இவங்க வேலை என்று நினைக்கும். மெய்ப்பு வரும்போதே ஸூபேங்க் பக்கத்தைத் திறந்து பாருங்க.

ஸூடாக்சா இதழில் திறந்த அணுகல் கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. ஸூகீஸ் முழுத் திறந்த அணுகல், கட்டணம் உண்டு. "48 மணி நேரத்தில் ஏற்போம்" என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களின் பக்கம் தலைவைத்துப் படுக்காதீங்க. பெயர் விதிப்படி செல்லும், அதனால்தான் ஆபத்து: மோசமான விவரணையும் நிரந்தரமாக நின்றுவிடும்.

#16 மலைமுகடு

கட்டுரை வருவதற்கு முன் பேஸ்புக்கில் பெயரோடு படம் போடலாமா? உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவரும் கேட்கிறார்.

#17 விதித்தொகுப்பு

படம் போடலாம், பெயர் போடாதீங்க. விவரணை இல்லாமல் பத்திரிகையில் வந்த பெயர் வெறும் பெயர், செல்லாது. அதைவிட மோசம், அச்சுப் பத்திரிகையில் பெயரோடு நாலு வரி அடையாளமும் வந்து தொலைத்தால், அதுவே வெளியீடா இல்லையா என்று பின்னால் வழக்காடணும்.

#18 ஒளித்திரை

பெயர் கட்டுரை வரும்வரை வெளியே வராது. ஹோலோடைப்பைக் கையிலேயே வைத்திருக்கலாமா, கட்டுரை வந்த பிறகு கொடுத்தால் போதுமா?

#19 வகைமாதிரி

பல்லுயிர்ச் சட்டம், 2002, பிரிவு 39 தெளிவாகச் சொல்கிறது: புதிய இனம் எதையும் கண்டறிந்தவர் நியமிக்கப்பட்ட களஞ்சியத்துக்கு அறிவித்து, சான்று மாதிரியையும் ஒப்படைக்கணும். விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வகம், தலைமையிடம் கொல்கத்தா. சென்னையிலும் கோழிக்கோட்டிலும் அதன் மண்டல மையங்கள் இருக்கின்றன. முதலில் அவங்களோடு பேசுங்க. பதிவு எண் கட்டுரைக்கு முன்பே கிடைத்தால் அதைக் கட்டுரையில் போடலாம். பாராடைப்பை இரண்டு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பது நல்லது. வீட்டு அலமாரியில் வகை மாதிரி வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். தென்மேற்குப் பருவத்தில் ஈரம் ஏறினால் ஒரே மாதத்தில் பூஞ்சை, அதோடு புத்தகப்பேன். டெர்மெஸ்டிட் வண்டின் புழு ஒன்று பெட்டிக்குள் போனால் மிஞ்சுவது ஊசியும் சீட்டும்தான். கொடுக்கும்வரை இறுகிய பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு வாரம் மைனஸ் 20-இல் வைத்து எடுத்த பிறகு நாப்தலீன். பெட்டியைக் காற்றுப்புகாப் பையில் கட்டி உறையவையுங்க, வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீங்க, நீர் கோத்துக்கொள்ளும்.

சீட்டில் நாடு, மாநிலம், மாவட்டம், இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, "வெளிச்சத்தில்", சேகரித்தவர் எல்லாம் வேணும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினால் நாள், மாதம் குழம்பாது. அமிலமற்ற தாள், நிறமி மை. ஹோலோடைப்புக்குச் சிவப்புச் சீட்டு, பாராடைப்புக்கு மஞ்சள். கட்டுரையில் ஹோலோடைப் பத்தி சீட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கணும். பாராடைப் எண்ணிக்கை பொருள் பகுதியில் 5 ஆண், அட்டவணையில் 4 ஆண் என்று வரும் கட்டுரைகள் ஏராளம்.

#20 மலைமுகடு

இடத்தை அவ்வளவு துல்லியமாகப் போட்டால் வியாபாரிகள் போய் அள்ளிவிட மாட்டாங்களா?

#21 வகைமாதிரி

பெரிய சாட்டர்னிட் அந்துப்பூச்சி, ஸ்வாலோடெய்ல் பட்டாம்பூச்சி என்றால் அந்தப் பயம் நியாயம். 11 மி.மீ. லித்தோசீனிக்கு வாங்க ஆள் இல்லை. இடத்தை மழுப்பினால், பின்னால் அதே சோலையில் அந்த இனத்தைத் திரும்பத் தேடுகிறவருக்குத்தான் நஷ்டம்.

#22 சாமணம்

கொல்கத்தாவுக்கோ கோழிக்கோட்டுக்கோ கூரியரில் அனுப்பாமல் கையில் கொண்டுபோங்க. முடியாவிட்டால்: ஊசி தக்கையில் ஆழமாக ஏறியிருக்கணும். ஒவ்வொரு பூச்சியின் வயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஒரு காப்பு ஊசி குத்துங்க, அதிர்ச்சியில் வயிறு சுழன்று பக்கத்துப் பூச்சியின் இறக்கையை வெட்டாமல் இருக்கும். அறுத்தவற்றுக்கு வயிறு இல்லை, ஆனாலும் இறக்கைக்கு அடியில் ஒரு ஊசி வேணும். ஸ்லைடுகள் தனிப் பெட்டியில், யூபரால் முழுக்க இறுகிய பிறகு மட்டும். சில வாரம் தட்டையாக, 40 டிகிரியில் காய்ந்திருக்கணும். இல்லையென்றால் நிமிர்த்தி வைத்ததும் உறுப்பு மெல்ல ஓரத்துக்கு நழுவிப்போகும். பூச்சிப் பெட்டியை அதைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிய பெட்டிக்குள் வைத்து, நடுவில் பஞ்சுக்குப் பதில் ஃபோம் துண்டுகள் போடுங்க. பெட்டிக்குள்ளே நாப்தலீன் உருண்டையைக் கட்டாமல் விடாதீங்க, அது உருண்டு ஹோலோடைப்பின் உணர்கொம்பை உடைத்துவிடும்.